ஒரே சுவரில் இரண்டு ஆணிகள்: ஒரு பனங்கிழங்கு இயந்திரத்தின் காப்புரிமைக் கதை

யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கத்தில் ஒரு லேத் பட்டறை. அதன் மேற்குச் சுவரில் பிள்ளையார் படத்துக்குக் கீழே இரண்டு ஆணிகள் அடித்திருக்கிறார்கள். ஒன்றில் கண்ணாடிச் சட்டம் போட்ட அவுஸ்திரேலியக் காப்புரிமைச் சான்றிதழ் தொங்குகிறது. மற்றதில் ஒரு பத்திரிகை நறுக்கு. அதற்குச் சட்டம் இல்லை, பொலித்தீன் உறை மட்டும்தான். வெல்டிங் புகை படிந்து நறுக்கு பழுப்பேறியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. பிணக்கின் விடை அந்த ஒரு சாணுக்குள் இருந்தது. எனக்கு அது தெரிய அரை நாள் பிடித்தது.

பட்டறைக்காரர் தொழில்நுட்பக் கல்லூரியில் என்னிடம் படித்தவர். பக்கத்து ஊரில் இன்னொருவர் தன் இயந்திரத்தை அப்படியே பார்த்துச் செய்து விற்கிறார் என்று கொதித்துப் போயிருந்தார். "சேர், பேற்றன்ற் என்னிடம் இருக்கிறது. வழக்குப் போடலாம்தானே?" என்று கேட்டார். காப்புரிமை என்ற சொல் பட்டறைகளுக்குள் இன்னும் நுழையவில்லை. பேற்றன்ற் என்றால்தான் தலை நிமிரும்.

முதலில் இயந்திரத்தைப் பார்த்துவிடலாம். பனம்பாத்தி கிண்டியெடுத்த கிழங்கைத் தோலுரித்து, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து வெயிலில் காயப்போட்டால் ஒடியல். அவித்துக் கிழித்துக் காயப்போட்டால் புழுக்கொடியல். இதில் கிழிக்கும் வேலைதான் கையைத் தின்னும். இவருடைய தாயின் இடது பெருவிரலில் பழைய வெட்டுத் தழும்புகள் வரிசையாக இருக்கின்றன. கிழங்கு ஒன்றைப் போல் இன்னொன்று இருப்பதில்லை. ஒன்று பெருவிரல் பருமன், ஒன்று சுண்டுவிரல் பருமன். அலகை ஒரே இடத்தில் பொருத்தினால் தடித்த கிழங்கு சரியாகப் பிளக்கும், மெல்லியது பக்கவாட்டில் ஓடிவிடும். இவர் என்ன செய்தார் என்றால், இரண்டு இறப்பர் உருளைகளை எதிரெதிரே நிறுத்தி, இரண்டையும் பழைய மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்கால் ஒரே அளவில் உள்நோக்கி அழுத்தவிட்டார். எந்தப் பருமனில் கிழங்கு வந்தாலும் இரு உருளைகளும் சமமாக விலகும். கிழங்கின் நடு எப்போதும் அலகின் நேரே நிற்கும். ஓட்டுவதற்கு ஒரு சைக்கிள் பெடல் போதும். நானே நின்று பத்துப் பதினைந்து கிழங்கு விட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. என் மாணவர் என்பதற்காகச் சொல்லவில்லை, நல்ல வேலை.

2018 இல் மெல்பேர்ணில் இருக்கும் மச்சான் விடுமுறையில் வந்தார். இதைப் பார்த்துவிட்டு, "அங்கே ஒரு மாதத்துக்குள் பேற்றன்ற் எடுத்துத் தருகிறேன்" என்றார். சொன்னபடி எடுத்தும் கொடுத்தார். படங்களும் விவரமும் இங்கிருந்து போயின. விண்ணப்பத்தை மச்சான் இணையத்தில் நிரப்பினார். சில வாரங்களில் சான்றிதழ் வந்தது. பட்டறையில் வடை, தேநீர், பூசை.

அந்தச் சான்றிதழை மூன்று முறை வாசித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. அது வழங்கப்பட்ட வகைதான் விஷயம். அவுஸ்திரேலியாவில் அப்போது இரண்டு வகைக் காப்புரிமைகள் இருந்தன. வழக்கமான காப்புரிமைக்கு ஆயுள் 20 ஆண்டு, முழுப் பரிசோதனை உண்டு. மற்றது புத்தாக்கக் காப்புரிமை எனப்பட்டது. ஆயுள் 8 ஆண்டு, எது எனக்கு மட்டும் உரியது என்று எல்லை போட்டுச் சொல்லும் உரிமைக்கோரிக்கைகள் ஐந்துக்கு மேல் எழுத முடியாது. விண்ணப்பத்தின் உருவம் சரியா, படிவம் நிரம்பியதா, கட்டணம் வந்ததா என்று மட்டும் பார்த்து வழங்கிவிடுவார்கள். உள்ளே இருக்கும் பொருள் புதியதா என்று ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அதைப் பார்க்கச் சொல்லிப் பிறகு தனியாகக் கேட்க வேண்டும். பரிசோதித்து அத்தாட்சி கொடுத்த பிறகுதான் அந்தக் காகிதத்தைக் கொண்டு எவரையும் தடுக்கலாம். இவர் அத்தாட்சி கேட்டதே இல்லை. மச்சானுக்கும் அது தெரியாது.

ஆக, சுவரில் இருந்தது பூட்டுப் போடாத பெட்டி. போதாததற்கு, பெட்டி இருந்ததும் வேறு நாட்டில். காப்புரிமை நாட்டு எல்லையோடு நின்றுவிடும். மெல்பேர்ணில் பனங்கிழங்கு கிழிக்கும் பட்டறை எதுவும் இல்லை என்பதை நான் அவருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

சக்கரத்துக்கும் சான்றிதழ் கொடுத்த கதை

இந்தப் புத்தாக்கக் காப்புரிமை முறை 2001 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 1979 முதல் இருந்த சிறு காப்புரிமை முறையின் இடத்தில் இதை வைத்தார்கள். சிறு தொழில் செய்பவர், வழக்கறிஞருக்குக் கொட்டிக் கொடுக்க முடியாதவர், சிறிய முன்னேற்றம் ஒன்றைக் கண்டுபிடித்தவர் ஆகியோருக்குக் குறைந்த செலவில் விரைவான பாதுகாப்பு என்பதுதான் நோக்கம். நம் பட்டறைக்காரரை மனத்தில் வைத்தே எழுதினார்களோ என்று தோன்றும்.

முறை தொடங்கிய அதே ஆண்டில் மெல்பேர்ணைச் சேர்ந்த ஜோன் கியோ என்ற வழக்கறிஞர் ஒரு விண்ணப்பம் போட்டார். தலைப்பு 'வட்ட வடிவப் போக்குவரத்து வசதிச் சாதனம்'. அவர் விவரித்திருந்தது சக்கரம். காப்புரிமை வழங்கப்பட்டது. உலகமே சிரித்தது. நோபல் பரிசைக் கேலி செய்து கொடுக்கப்படும் இக் நோபல் பரிசை அந்த ஆண்டு அவருக்கும் அவுஸ்திரேலியக் காப்புரிமை அலுவலகத்துக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்.

சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்த அலுவலகம் சட்டம் சொன்னதைத்தான் செய்தது. உருவத்தைப் பார் என்றது சட்டம், பார்த்தார்கள். சக்கரம் புதியதா என்று கேட்கும் வேலை அவர்களுக்குக் கொடுக்கப்படவே இல்லை. கியோ காட்ட விரும்பியதும் அதுதான். மேசையில் இருந்த ஊழியரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்த கோளாறு நீதிமன்றத்தில் தெரிந்தது. வீதியோரத்தில் நடும் வளையக்கூடிய எஃகுக் கம்பங்கள் தொடர்பாக டெல்நோர்த், டியூரா போஸ்ட் என்ற இரு நிறுவனங்களுக்கிடையே வழக்கு நடந்தது. 2008 இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த வகைக் காப்புரிமைக்கு, தொழில் தெரிந்தவனுக்கு எளிதில் தோன்றாத யோசனையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முன்பிருந்ததிலிருந்து வேறுபட்டு, அந்த வேறுபாடு பொருளின் வேலைக்கு உண்மையாகப் பங்களித்தால் போதும் என்றது. விளைவு விசித்திரமானது. ஒருமுறை அத்தாட்சி வாங்கிவிட்டால், சின்ன உரிமையைச் சாய்ப்பது பெரிய உரிமையைச் சாய்ப்பதைவிடக் கடினமாகிவிட்டது. சிறியவருக்காகக் கட்டிய கொட்டிலுக்குள் பெரிய நிறுவனங்கள் வந்து குந்திக்கொண்டன. போட்டியாளரை மறிக்க இதைவிட மலிவான வேலி எங்கே கிடைக்கும்?

அரசு விசாரிக்கத் தொடங்கியது. புலமைச் சொத்து ஆலோசனைச் சபை 2014 இல் அறிக்கை கொடுத்தபோது, இந்த முறையை வைத்திருப்பதா கலைப்பதா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று நழுவியது. பிறகு அலுவலகமே தன் பதிவேடுகளை எடுத்துப் பொருளியல் ஆய்வு செய்தது. சிறு நிறுவனங்களில் பெரும்பாலானவை ஒரே ஒருமுறை விண்ணப்பித்துவிட்டு மறுபடி வருவதில்லை, அத்தாட்சிக்குப் போவதில்லை, உரிமையை இடையிலேயே காலாவதியாக விடுகின்றன என்று அதில் தெரிந்தது. 2015 இல் சபை தன் நிலைப்பாட்டை மாற்றிக் கலைக்கச் சொன்னது. 2016 இல் உற்பத்தித்திறன் ஆணைக்குழுவும் அதையே பரிந்துரைத்தது. 2020 பெப்ரவரியில் சட்டம் வந்தது. 2021 ஆகஸ்ட் 26 முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் கதவு மூடப்பட்டது. ஏற்கெனவே வழங்கியவை தம் எட்டாண்டு முடியும் வரை ஓடும்.

ஒரு சக்கரத்தில் தொடங்கி இருபது ஆண்டு. ஒரு அரசு தன் அலுவலகத்தின் தவறான அமைப்பை ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் எடுக்கிறது என்பதைவிட, அந்த அலுவலகம் தனக்கு எதிரான புள்ளிவிவரத்தைத் தானே வெளியிட்டது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நேரம் கொடுத்தால் மட்டும் போதுமா

இதைக் கேட்ட பட்டறைக்காரர் உடனே பிடித்துக்கொண்டார். "அப்படியென்றால் அமெரிக்காவில் எடுத்திருக்க வேண்டும் சேர். அவர்கள் நன்றாகப் பார்த்துத்தானே கொடுப்பார்கள்?"

பார்க்கிறார்கள். எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதை அவர்களுடைய அரசே அளந்து வைத்திருக்கிறது. 2003 ஒக்ரோபரில் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கையில், ஒரு விண்ணப்பத்துக்குப் பரிசோதகருக்குக் கிடைப்பது 8 முதல் 25 மணித்தியாலம் என்று சாட்சியமளித்தவர்களின் மதிப்பீடு இருக்கிறது. விண்ணப்பத்தை வாசித்து விளங்க வேண்டும். இதற்கு முன் இப்படி ஏதாவது இருந்ததா என்று உலகம் முழுவதும் தேட வேண்டும். விண்ணப்பதாரருடன் கடிதம் எழுதி மல்லுக்கட்ட வேண்டும். முடிவை எழுத வேண்டும். எல்லாம் அந்த நேரத்துக்குள். அமெரிக்கக் காங்கிரசுக்காக அரச வேலைகளை ஆராயும் பொறுப்புக்கூறல் அலுவலகம் 2016 இல் இதை மறுபடி தோண்டியது. பரிசோதகர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தியதில், முழுமையாகப் பரிசோதிக்க வேண்டிய நேரம் தமக்குக் கிடைப்பதில்லை என்று சுமார் 70 வீதமானோர் கூறினார்கள். தரம் என்றால் என்ன என்பதையே அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் ஒரே சீராக வரையறுக்கவில்லை என்றும் அறிக்கை சுட்டிக்காட்டியது. முடித்த வேலைக்குப் புள்ளி போடும் முறையில், ஆழமாகத் தேடுபவருக்கு நட்டம்தான்.

நேரம் ஒரு பாதி. எங்கே தேடுகிறார்கள் என்பது மறுபாதி. அந்தப் பாதிதான் யாழ்ப்பாணத்தில் இருக்கும் நமக்கு வலிக்க வேண்டிய பாதி.

1995 மார்ச் மாதம் அமெரிக்காவில் மஞ்சள் தூளால் புண் ஆற்றும் முறைக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்துப் போராடி 1997 இல் அதை இரத்துச் செய்வித்தது. இதுவரை எல்லோரும் கேட்ட கதை. அதிகம் பேசப்படாதது, எதைக் காட்டி வென்றார்கள் என்பது. அப்போதைய அமெரிக்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் ஒரு பொருள் பாவனையில் இருந்தது என்பது கணக்கில் வராது. வெளிநாட்டில் காப்புரிமை பெற்றிருந்தாலோ அச்சில் வந்திருந்தாலோ மட்டுமே வரும். ஒரு நாடு முழுவதும் காயத்தில் மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தாலும் அது சான்றாகாது. ஆச்சி சொன்னால் செல்லாது, அச்சு சொன்னால் செல்லும். எனவே மன்றம் சமஸ்கிருத, உருது, இந்தி நூல்களையும், 1953 இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் உள்ளிட்டு 32 சான்றுகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது. வெளிநாட்டுப் பாவனையைக் கணக்கில் எடுக்காத அந்த வரம்பு அமெரிக்கச் சட்டத்திலிருந்து நீங்கியது 2013 மார்ச்சில்தான்.

மஞ்சளில் சூடுபட்டுத்தான் இந்தியா 2001 இல் மரபு அறிவு எண்ணிம நூலகத்தைத் தொடங்கியது. அதில் ஆயுர்வேத, யுனானி நூல்களுடன் தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் பரிசோதகர் தேடக்கூடிய வடிவில் ஏற்றப்படுகின்றன. நம் மண்ணின் மருத்துவத் தொகுப்பான பரராசசேகரம் அச்சில் இருக்கிறது. ஆனால் வேறு நாட்டுப் பரிசோதகர் ஒருவர் தன் இருபது மணித்தியாலத்துக்குள் அதைத் திறந்து வாசிப்பார் என்று நினைக்கிறீர்களா?

மருந்துக்காவது ஏடு இருந்தது. இயந்திரத்துக்கு அதுவும் இல்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்தக் குடாநாடு கண்டுபிடித்தவற்றை எண்ணிப் பாருங்கள். ஜாம் போத்தலுக்குள் சிறு திரி வைத்து ஓர் இரவை ஓட்டிய சிக்கன விளக்கு. சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட வானொலி. சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள். ஒவ்வொன்றும் பொறியியல். ஒன்றுக்காவது திகதியிட்ட வரைபடம் இருக்கிறதா?

பக்கத்து ஊர்க்காரர்

ஒரு தரப்பைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது முறையில்லை என்று மற்றவரையும் போய்ப் பார்த்தேன். பார்த்துச் செய்ததாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. என்னைப் பின்வளவுக்கு அழைத்துப்போய், மாட்டுக் கொட்டில் ஓரம் கிடந்த துருப்பிடித்த சட்டகம் ஒன்றைக் காட்டினார். சைக்கிள் முன்கவை, நடுவில் அலகு, இரண்டு பக்கமும் ரயர் துண்டு சுற்றிய கட்டைகள். "அப்பா இடம்பெயர முதல் செய்தது ஐயா. கிழங்கு கிழிக்கத்தான்" என்றார். ஸ்பிரிங் இல்லை. அதற்குப் பதிலாகச் சைக்கிள் ரியூப்பை வெட்டி இழுத்துக் கட்டியிருந்த அடையாளம், இற்றுப்போன இறப்பராக ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே இழுவை. அதே யோசனை. தகப்பன் உயிரோடு இல்லை. புகைப்படம் இல்லை. எந்த ஆண்டு என்று கேட்டால், "இடம்பெயர முதல்" என்பதே விடை. எங்கள் ஊரில் இது மிகத் துல்லியமான திகதி. போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் இறுதி என்று எந்தக் குழந்தையும் சொல்லும். கொழும்பில் ஒரு கோப்புக்குள் இதை எப்படி எழுதுவது?

இலங்கைச் சட்டத்தை எடுத்துப் பார்த்தால், இந்தத் துருப்பிடித்த சட்டகத்துக்கு மரியாதை உண்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், உலகில் எங்காவது எழுத்தாலோ வாய்மொழியாலோ பாவனையாலோ வேறு எந்த வழியிலோ ஏற்கெனவே வெளிப்பட்டிருந்தால் அது புதியதல்ல என்கிறது. அந்நாள் அமெரிக்கச் சட்டத்தைவிட இது பரந்த மனம் கொண்டது. ஆச்சியின் சொல்லும் செல்லும், மாட்டுக் கொட்டிலும் செல்லும். ஆனால் பரிசோதனை தேடல் அறிக்கையை நம்பி நடக்கிறது. விண்ணப்பதாரர் சர்வதேச வகைத் தேடல் அறிக்கை ஒன்றைச் சேர்க்கலாம், அல்லது உள்ளூர்ப் பரிசோதகரின் தேடலைக் கோரலாம். தேடுபவர் தேடுவது ஏட்டிலும் தரவுத்தளத்திலும்தான். கைதடிப் பக்கத்தில் யார் வீட்டுப் பின்வளவில் என்ன கிடக்கிறது என்று தரவுத்தளம் சொல்லாது.

வணிகக் குறி ஒன்றைப் பதியும்போது, எனக்கு ஆட்சேபம் இருக்கிறது என்று மற்றவர் சொல்ல நம் சட்டத்தில் ஒரு கட்டம் உண்டு. காப்புரிமையில் அந்தக் கட்டம் இல்லை. வழங்கிய பிறகு, செல்லாது என்று நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். அதற்குக் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம் வரை, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் போக வேண்டும். இந்தியாவில் வழங்குவதற்கு முன் எவரும் எதிர்க்கலாம். வழங்கி ஓராண்டுக்குள் அக்கறையுள்ள தரப்பு மறுபடி எதிர்க்கலாம். அந்த முதல் வாசலையாவது இங்கே திறந்தால், துருப்பிடித்த சட்டகத்தின் படமொன்றும் சத்தியக் கடதாசியொன்றும் தபாலில் போகும். பரிசோதகருக்குக் கூடுதல் சம்பளம் கொடுப்பதைவிட இது மலிவு என்பது என் கட்சி. காலம் இழுபடும், பெரிய நிறுவனங்கள் சிறியவரை எதிர்ப்பு மனுக்களால் களைக்கவைக்கும் என்று என் வழக்கறிஞர் நண்பர் மறுக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் நான் மாறவில்லை.

நறுக்கு

பட்டறைக்குத் திரும்பிவந்து இருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் இரண்டாவது ஆணி கண்ணில் பட்டது. எழுந்துபோய்ப் பொலித்தீன் உறையைத் துடைத்து வாசித்தேன். 2016 கண்காட்சி ஒன்றில் இவருடைய இயந்திரம் பற்றிய செய்தி. உருளைகள், ஸ்பிரிங், அலகு எல்லாம் தெளிவாக விவரிக்கப்பட்டிருந்தன. பக்கத்திலிருந்து எடுத்த படமும் இருந்தது. நிருபர் நன்றாக எழுதியிருந்தார். அதுதான் துரதிர்ஷ்டம்.

அவுஸ்திரேலிய விண்ணப்பம் 2018 இல். கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டிருந்தால் பன்னிரண்டு மாதத்துக்குள் விண்ணப்பிக்க அங்கே சலுகை உண்டு. இங்கேயும் ஓராண்டு. இவர் இரண்டையும் தாண்டிவிட்டார். அத்தாட்சி கேட்டிருந்தால், பரிசோதகர் இந்த நறுக்கைக் கண்டிருந்தால், இவருடைய உரிமையை இவருடைய படமே முடித்திருக்கும். பக்கத்து ஊர்க்காரரின் தகப்பன் தேவையே இல்லை.

"அப்படியானால் இதைக் கழற்றட்டுமா சேர்?" என்று நறுக்கைக் காட்டிக் கேட்டார். கழற்ற வேண்டாம், இந்த இயந்திரத்தை முதலில் ஊரறியக் காட்டியவர் நீங்கள் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அது, வேறு எவராவது நாளைக்கு இதற்கு உரிமை எடுக்கப் பார்த்தால் அதைத்தான் நீட்ட வேண்டும் என்றேன். அவர் சான்றிதழைப் பார்த்தார், நறுக்கைப் பார்த்தார். உள்ளே இருந்து மனைவி, "அந்தக் கண்ணாடிச் சட்டத்தை எடுத்து இதற்குப் போடலாமே" என்றார். அவருக்கு என்னைவிட விரைவாக விளங்கிவிட்டது.

வழக்கு எண்ணம் அதோடு போயிற்று. பக்கத்து ஊர்க்காரர் தன் பாட்டில் செய்து விற்கிறார். இவர் இப்போது கிழங்கைத் தானாக ஊட்டும் தட்டு ஒன்றைச் சேர்த்திருக்கிறார். சாய்வான தகரம், அடியில் அதிரும் ஒரு கழிவுத் தண்டு. கிழங்கு ஒவ்வொன்றாக, நுனி முன்னே வர இறங்குகிறது. நுனியும் அடியும் மாறி விழுந்தால் தண்டு தட்டித் திருப்பிவிடுகிறது. இதை நான் எங்கும் பார்த்ததில்லை. கொழும்புக்கு விண்ணப்பம் எழுதலாம், அதுவரை ஒருவருக்கும் காட்டாதீர்கள் என்றேன்.

தலையைச் சொறிந்தார். "மச்சானுக்கு மட்டும் வீடியோ அனுப்பினேன் சேர். அவர் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். அதிலிருந்து யாரோ ஃபேஸ்புக்கில்..."

எந்தத் திகதி என்று கேட்டேன். கையில் இருந்த கிறீசைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, தொலைபேசியை எடுத்துத் தேடத் தொடங்கினார்.